ராணிக்காக எடுத்த மீசை

மாலை நான்கு மணி இருபது நிமிடம். பினாங்கு வீதியில் இருந்த முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் முதலில் என் கண்ணில் பட்டது என்னுடைய மேலுதடு. அரும்பு மீசை விட்ட நாளிலிருந்து நானும் அதுவும் சந்தித்துக்கொண்டதில்லை. நான் நினைத்திருந்ததைவிட நீளமாகவும் வெளுப்பாகவும் இருந்தது. வீரம், அறிவு, பத்திரிகைத் தொழிலுக்குரிய கம்பீரம் என்று அதுவரை என் முகத்தில் இருப்பதாக நான் நம்பி வந்த எல்லாமே மீசையோடு சேர்ந்து தரையில் கிடந்தன. கடைக்காரர் அதைத் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளினார்.

தள்ளிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "எப்பங்க ஆச்சு?" என்று கேட்டார்.

"எது?"

"அப்பாவுக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து நாற்காலியில் பாதிச் சவரத்தோடு இருந்த துணித் தரகர் எழுந்துவிட்டார். சோப்பு நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்துக் கைகூப்பினார். மீதிச் சவரத்தை மறந்து வெளியே போனார். நானும் கும்பிட்டேன். என் கட்டுரைகளைப் படிப்பவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா நல்லாத்தான் இருக்காரு. இது நாடகத்துக்கு எடுத்தது" என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். துக்கத்தில் இருப்பவன் எதைச் சொன்னாலும் ஆட்டுவார்களே, அந்த ஆட்டல். கூலி வாங்கவும் மறுத்துவிட்டார்.

தகப்பன் இறந்தால் மகன் மீசையை எடுப்பது எங்கள் வழக்கம். மற்ற நேரத்தில் எடுக்கமாட்டார்கள். அதுவும் தகப்பன் உயிரோடு இருக்கும்போது எடுப்பது அவருக்கு நாள் குறிப்பதற்குச் சமம். தலையையும் மழித்துக்கொள்வது உண்டு. என் தலையில் எப்போதும் ஒரு கறுப்புக் குல்லா இருந்தது. அதன் கீழே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஊர் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது.

இந்த நிலைக்கு நான் வந்து சேர்ந்ததற்குக் காரணம் இடைக்காலத்துக் கதைகள்.

ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அப்போது துணையாசிரியனாக இருந்தேன். லண்டன் தந்திகளைத் தமிழில் பெயர்ப்பது, கப்பல் வரும் நேரத்தையும் ரப்பர் விலையையும் பிழையில்லாமல் போடுவது, இவைதான் என் வேலை. இவற்றில் மனத்தைப் பறிகொடுக்க ஒன்றுமில்லாததால் ஞாயிற்றுக்கிழமை இதழில் ஒரு தொடர் எழுதினேன். பழைய ராஜாக்கள் காலத்துக் கதைகளில் காதலும் தியாகமும் சமத்துவமும் எப்படி இருந்தன என்பது பொருள். நம் நாட்டுக் கதைகள், மேல்நாட்டுக் கதைகள் இரண்டையும் கலந்து அடித்தேன். அங்கே கவசம் போட்ட வீரன் ஒரு பெண்ணின் முன் மண்டியிடுவான். இங்கே ஒரு அரசி கணவனுக்காக நெருப்பில் இறங்குவாள். குதிரைக்காரன் மகள் மகாராணி ஆவாள். காதல் வந்ததும் உயர்வு தாழ்வு எல்லாம் கற்பூரம்போல் கரைந்துவிடும் என்று வாரம் தவறாமல் எழுதினேன். அப்பாவும் நானும் இருந்த வீட்டில், நான் அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போது சோறு வடித்துக்கொண்டிருந்தவர் அப்பா. அம்மா காலமானதிலிருந்து அது அவர் வேலையாகிவிட்டது. என் தட்டைக்கூட நான் கழுவியதில்லை. சமத்துவம் எழுதுகிறவனுக்கு நேரம் ஏது?

நாடகம் போடுவதற்கு ஒரு மாதம் முன்பு, கடலுக்கு அக்கரையில் இருக்கும் நிபோங் திபாலுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் தகப்பனார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பெண் அவ்வூர்ப் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. காப்பியை வைத்துவிட்டு உள்ளே போகவேண்டியவள் போகாமல் நின்றாள்.

"உங்க கதை எல்லாம் படிக்கிறேன்" என்றாள்.

என் மீசை தானாகவே ஒருமுறை நிமிர்ந்தது.

"பொம்பளைங்க எல்லாரும் தீயில எறங்கறாங்க. ஆம்பளைங்க எதுல எறங்கறாங்க?"

"மண்டியிடுறாங்களே" என்றேன்.

"மண்டி போட்டவங்க அப்புறம் எந்திரிச்சிடலாம்ல?"

அவள் தகப்பனார் இருமினார். பிறகு, பெண்ணுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான், கல்யாணத்துக்குப் பிறகும் பள்ளிக்கூட வேலையை விடமாட்டாளாம், ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளியில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். என் அப்பா உடனே, "அப்ப சோறு யாரு வடிக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காதலின் முன் உயர்வு தாழ்வு கரையும் என்று எழுதிய நான் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்றேன். திரும்பும் வழியில் ரயிலில் அப்பா, "வேற எடம் பாக்கலாம்டா" என்றார். நான் ஜன்னல் வழியே ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

சொல்லவேண்டியதைச் சொல்லாதவன் நாடகம் எழுதுவான். நானும் எழுதினேன். ஒரு சிற்றரசன், குதிரைக்காரன் மகளாகப் பிறந்து அவனுக்கு மனைவியான ராணி. எதிரி அவனைச் சிறைப்பிடிக்கிறான். ராணி சிறைக்குள் போய், அவன் உடைகளைத் தான் உடுத்திக்கொண்டு, அவனைப் பின்பக்க ஜன்னல் வழியே அனுப்பிவிட்டு, அவனுக்குப் பதிலாகத் தான் நெருப்பில் இறங்குகிறாள். இறங்குமுன் ஒரு நீண்ட வசனம் பேசுகிறாள். அந்த வசனத்தின்மேல் எனக்கு இருந்த மோகத்தில், அதை முழுவதும் ஞாயிற்றுக்கிழமை இதழில் அச்சுக்கும் கொடுத்துவிட்டேன்.

எங்கள் நாடக சபையில் பெண்கள் நடிப்பதில்லை. ராணியாக நடிக்கத் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் ஒத்துக்கொண்டு வசனமெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார். நாடகத்தன்று, சனிக்கிழமை காலை, அவர் வந்து, மீசையை எடுக்க முடியாது என்றார்.

"எங்கப்பா சத்தம் போடறாரு அண்ணே. நான் உயிரோட இருக்கறப்பவே எனக்குக் கருமாதி பண்றியான்னு கேக்கறாரு."

முதலில் மீசையின்மேல் மாவு பூசிப் பார்த்தோம். ராணி ரொட்டிக்கடைக்காரர்போல் ஆகிவிட்டாள். அப்போது நான் ஒரு பிரசங்கம் செய்தேன். கலைக்காக உயிரையே விட்டவர்கள் உண்டு, நாமோ நாலு மயிருக்கு அழுகிறோம், மூடநம்பிக்கை இன்னும் நம்மை விடவில்லை, தியாகம் என்றால் என்னவென்று நம் ராணியிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றெல்லாம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். முடித்ததும் ராஜாவாக நடிக்கவிருந்த ரயில்வே குமாஸ்தா, "ரொம்பச் சரி. வசனம் எல்லாம் உங்களுக்குத்தான் தலைகீழாத் தெரியுமே சார். நீங்களே எடுத்துருங்களேன்" என்றார். சபையே கைதட்டியது.

நான் மறுக்க வழி தேடினேன். உயரம் ஒத்துவராது என்றேன். ராஜா என் தோளுக்குத்தான் வருவார். "ராணி உக்காந்தே பேசட்டும்" என்றார்கள். மாலை நான்கு மணி வரை இப்படி ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் முடிதிருத்தும் கடைக் கதவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஆறரை மணிக்கு நாடகம். மண்டப வாசலில் நான் இறங்கியபோது நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். ஒரு செட்டியார் என் கையைப் பிடித்து அழுத்தினார். புத்தகக் கடைக்காரர் முதுகில் தட்டி, "தைரியமா இருங்க தம்பி" என்றார். முதல்முறை மேடை ஏறுகிறவனுக்கு ஊரில் இவ்வளவு அன்பா என்று நெகிழ்ந்துபோனேன்.

திரை உயர்ந்ததும் மண்டபம் அடங்கிவிட்டது. நான் புடவையோடு நடந்து வந்தபோது சிரிப்பு வரும் என்று பயந்திருந்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. தோளுயர ராஜா என்னை அணைக்க எக்கியபோதும் சிரிக்கவில்லை. கடைசிக் காட்சியில் ராணி ராஜாவாக வேடம் மாறவேண்டும் என்பதால் எனக்கு ஒரு ஒட்டு மீசை ஒட்டினார்கள். ஆக, மீசையை எடுத்து, புடவை கட்டி, மறுபடி மீசை ஒட்டிக்கொண்டேன். என் சொந்த மீசையைவிட அது எடுப்பாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். நெருப்பில் இறங்குமுன் அந்த நீண்ட வசனத்தைச் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் முந்தானையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. ஒரு கிழவர் எழுந்து வெளியே போய்விட்டார், தாங்கமுடியாமல். நான் பிறவிக் கலைஞன் என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன். பத்திரிகை வேலையை விட்டுவிடுவதா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் காலை அப்பா பாசாரிலிருந்து வெறும் கூடையோடு திரும்பி வந்தார். நாடகங்களுக்கு அவர் வருவதில்லை. முதல்நாள் நான் வீடு திரும்பும்முன் அவர் படுத்துவிட்டதால் என் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அதானா" என்றார்.

"என்னப்பா?"

"நான் செத்துட்டனாம்டா."

மீன்காரர் அவரைக் கண்டு கத்தியைக் கீழே போட்டாராம். காய்கறிக்காரப் பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். காப்பிக் கடைக்காரர் மட்டும் தைரியமாகக் கிட்டே வந்து, கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல மனுசன் போயிட்டாருன்னு இப்பத்தான் பேசிக்கிட்டிருந்தோம்லா" என்றாராம்.

"நல்ல மனுசன்னு சொன்னானா?" என்று அப்பா தனக்குள் ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு கோபம் திரும்பி வந்தது. "நேத்து நாடகத்துல உன்னப் பாத்துட்டு, அப்பன் செத்த கையோட இவன் பொடவை கட்டிக்கிட்டு ஆடறானேன்னு ஊரே அழுதிருக்குடா!"

நான் உட்கார்ந்துவிட்டேன். அழுத முந்தானைகள், தாங்கமுடியாமல் எழுந்துபோன கிழவர், அழுத்திய கை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. பத்திரிகை வேலையிலேயே இருப்பது என்று முடிவு செய்தேன்.

அதோடு போயிருந்தால் சிரித்து முடித்திருக்கலாம். திங்கட்கிழமை மாலை துணித் தரகர் அலுவலகத்துக்கு வந்தார். ஞாயிறன்று வியாபாரத்துக்காக நிபோங் திபாலுக்குப் போயிருக்கிறார். பெண்வீடு அவருக்கு வாடிக்கை வீடாம்; அங்கே செய்தியைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் சொல்லி அனுப்பியதை இப்போது எனக்குச் சொன்னார். ரொம்ப வருத்தம். செவ்வாயன்று துக்கம் கேட்க வருகிறார்கள். தகப்பன் இறந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை நல்ல காரியம் செய்யக்கூடாது; பெண்ணை அதுவரை வைத்திருக்க முடியாது. சிம்பாங் அம்பாட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாக இருக்கிறார்கள்.

"பள்ளிக்கூடத்தை விட்டுடணும்னு அவங்க சொல்லிட்டாங்களாம். பொண்ணு நேத்துலேர்ந்து சாப்பிடலன்னு கேள்வி" என்றார் தரகர். பிறகு ஆறுதலாக, "உங்களுக்கு இப்ப இதெல்லாம் காதுல ஏறாது தம்பி" என்றார்.

"எங்கப்பா உயிரோட இருக்காரு."

"ஆமா தம்பி. அவங்க எங்கயும் போறதில்ல. நம்மகூடத்தான் இருக்காங்க."

வீட்டுக்கு ஓடினேன். அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, உடனே தந்தி அடித்துவிடலாம் என்றேன்.

"என்னன்னு அடிப்ப? அப்பா சாகலன்னா? கல்யாண ஆசையில புளுகறான்னு நெனைப்பாங்க. நானே நேர்ல போய் நின்னாத்தான் உண்டு."

இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றவர் அவர்தான். அதை நினைவூட்ட எனக்குத் துணிவில்லை. அவர் என் காதலுக்காகப் புறப்படவில்லை. தான் செத்துப்போனதாக அக்கரையில் ஒரு குடும்பம் நம்பிக்கொண்டிருப்பதை அவரால் பொறுக்கமுடியவில்லை. பழைய கதைகளில் இப்படி ஒரு காரணத்துக்காக யாரும் குதிரை ஏறியதாக நான் படித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலைப் படகில் அக்கரையில் உள்ள பிறை ஊருக்குப் போய், அங்கிருந்து ரயில் ஏறினோம். அப்பா பட்டுக்கரை வேட்டி, கோட்டு, தலைப்பாகை என்று உயிருள்ளவர்களுக்கு உரிய எல்லாவற்றையும் அணிந்திருந்தார். நான் கைக்குட்டையால் மேலுதட்டை மூடிக்கொண்டே வந்தேன். எதிரில் இருந்தவர் எனக்குப் பல்வலி என்று நினைத்து ஒரு கிராம்பு கொடுத்தார்.

அந்த வீட்டுப் படலைத் திறக்கும்போது கிராணியும் அவர் மனைவியும் வெள்ளை உடுத்தித் துக்கம் கேட்கப் புறப்பட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் "ஐயோ" என்று ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

"துக்கம் கேக்கத்தானே கெளம்பிட்டீங்க?" என்றார் அப்பா. "ரயில் செலவு எதுக்கு, நானே வந்துட்டேன். கேளுங்க."

எல்லாம் விளங்க அரைமணி நேரம் ஆயிற்று. கிராணி சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு முகம் மாறி, "ஆனா சிம்பாங் அம்பாட்காரங்களுக்குச் சொல்லிட்டேனேய்யா" என்றார். "அவங்க பொண்ண வேலைய விடச் சொல்றாங்க. அது எனக்கும் இஷ்டமில்ல. ஆனா அவங்களாவது வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னாங்க. நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே?"

அப்போது பள்ளிக்கூடம் விட்டு அவள் வந்தாள். கையில் குடை, விரல்களில் சுண்ணாம்புக் கட்டித் தூள். என் அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் மேலுதட்டையும்தான். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சொல்லுங்க தம்பி" என்றார் கிராணி.

நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "அன்பு குடியிருக்கும் இடத்தில் மேல் ஏது, கீழ் ஏது? நான் என்பதும் நீ என்பதும் ஓருயிருக்கு இட்ட இரு பெயர்கள் அல்லவா..."

"அது பேப்பர்ல வந்துச்சு" என்றாள் அவள். "ராணி சொல்றது. நெருப்புல எறங்கறதுக்கு முன்னாடி."

"ஆமா."

"அந்த எடத்துல ராஜா என்ன சொல்றாரு?"

ராஜாவுக்கு அந்த இடத்தில் வசனம் இல்லை. நான் எழுதவில்லை. அந்நேரம் அவர் பின்பக்க ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருப்பார். அந்த வீட்டிலும் பின்பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. அதில் ஒரு பலாமரம் தெரிந்தது. அதை நான் கவனித்ததை அவளும் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

"பள்ளிக்கூடத்த விட்டா நான் என்னவா இருப்பேன்னு எனக்குத் தெரியல" என்றாள், மெதுவாக, குடையைப் பார்த்துக்கொண்டு. "அதனாலதான் கேக்கறேன்."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "அம்மா, எல்லாம் சரி. சோறுன்னு ஒண்ணு இருக்குல்ல, அத யாரு..."

"நான் வடிக்கிறேன்" என்றேன்.

மேடையில் கடைசி வரிசைவரை எட்டிய குரல் அங்கே பக்கத்தில் இருந்த அப்பாவுக்கே சரியாக எட்டவில்லை. "என்ன?" என்றார்.

"சோறு நான் வடிக்கிறேன். அவங்க வேலைக்குப் போகட்டும்."

"ஒனக்கு வடிக்கத் தெரியுமாடா?"

"தெரியாது."

அவள் குடையைச் சுவர் ஓரமாகச் சாத்தி வைத்தாள். அப்பா என் முகத்தை, குறிப்பாக அதில் காலியாக இருந்த இடத்தை, ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு கிராணியின் பக்கம் திரும்பினார்.

"மீசையே போயிருச்சு. இனிமே எதக் காப்பாத்தப் போறான்?" என்றார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அதோட நான் செத்தவன். எனக்கு இதுல என்ன பேச்சு? உயிரோட இருக்கறவங்க பேசிக்கங்க."

அந்த அம்மாள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். சிம்பாங் அம்பாட்டுக்கு அன்றைக்கே ஆள் போயிற்று. அவள் அன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டுமுறை சோறு போட்டுக்கொண்டாள்.

தைமாதம் கல்யாணம் நடந்தது. அதற்குள் மீசை வளர்ந்துவிட்டது. பழைய அளவுக்கு வரவில்லை. கல்யாணப் பந்தலில் அப்பாவைப் பார்த்துவிட்டு முடிதிருத்தும் கடைக்காரர் என்னிடம் வந்து, வாங்காமல் விட்ட கூலியைக் கேட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் குடையோடு புறப்பட்டுப் போனாள். நான் சோறு வடித்தேன். குழைந்துவிட்டது.